யாருடைய அன்றாடம்? யார் போடும் மார்க்கு?

கிறிஸ்துமஸ் தாத்தா நிஜத்தில் கிடையாது என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டதா? பனிச்சறுக்கு வண்டி ஓட்டுகிறதா? மேசைக் கத்தியை எடுத்து ரொட்டியில் தானே தடவிக்கொள்கிறதா?

இவை விளையாட்டுக்குக் கேட்ட கேள்விகள் இல்லை. எட்கர் டால் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1935இல் வெளியிட்ட வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலில் இருந்தவை. மொத்தம் 117 உருப்படிகள். ஒரு மனுசர் தன் அன்றாடப் பாட்டைத் தானே எவ்வளவு பார்த்துக்கொள்கிறார் என்று இதை வைத்து மார்க்கு போட்டார்கள். இந்த அளவுகோலைப் பின்னாளில் மாலின் என்பவர் நாக்பூரில் இந்தியப் பிள்ளைகளுக்காகத் திருத்தி 89 உருப்படிகளாக்கினார். பனியும் தாத்தாவும் வெளியே போய்விட்டன. தாத்தா இருந்த இடத்தில் 'மந்திரத்தையும் தேவதைக் கதைகளையும் நம்ப மறுக்கிறதா' என்று வந்தது. எட்டு வயதுக்குள் தேறியிருக்க வேண்டிய கேள்வி இது. பூசணிக்காய் உடைத்துவிட்டு ஆபீசைத் திறக்கிற நம் அதிகாரிகளிடம் கேட்டால் எத்தனை பேர் தேறுவார்கள் என்பது வேறு விசயம்.

நான் இந்தத் தாள்களை நிரப்புகிற வேலையில் இருப்பவள். சிறப்புப் பள்ளி ஆசிரியை. சேரிக்காரி. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சோறு பிசையவும் சட்டைப் பித்தான் போடவும் சில்லறை எண்ணவும் சொல்லிக்கொடுப்பது என் அன்றாடம். நம் இயக்கத் தோழர்கள் நிலம், பஞ்சமி, வன்கொடுமைச் சட்டம், இட ஒதுக்கீடு எல்லாம் பேசுகிறோம். இந்தத் தாளைப் பற்றி யாரும் பேசியதில்லை. 'அது டாக்டர் சமாச்சாரம்' என்று விட்டுவிட்டோம். அது டாக்டர் சமாச்சாரம் மட்டும் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

தாள் எப்படி வேலை செய்கிறது

பிள்ளையைச் சோதிப்பதில்லை. பிள்ளையை நன்றாக அறிந்தவரிடம், பெரும்பாலும் தாயிடம், பேசிக் கேட்டுக் குறிக்கிறார்கள். தானாகச் சாப்பிடுவது, உடுத்துவது, கக்கூசுக்குப் போவது, பேசுவது, வெளியே போய்வருவது, வேலை செய்வது, மற்றவர்களோடு பழகுவது என்று வகை வகையாக இருக்கும். கிடைத்த மார்க்கை வைத்து 'சமூக வயது' கண்டுபிடிக்கிறார்கள். அதைப் பிள்ளையின் உண்மையான வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது சமூக ஈவு.

இந்த எண் சான்றிதழில் சதவீதமாக மாறுகிறது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 0 முதல் 20 வரை எடுத்தால் 100 சதவீதக் குறைபாடு. 21 முதல் 35 என்றால் 90. 36 முதல் 54 என்றால் 75. 55 முதல் 69 என்றால் 50. 70 முதல் 84 என்றால் 25. 2016ஆம் வருசச் சட்டத்தில் இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு வாசற்படி 40 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. சமூக வயது 6 என்று வந்தால் ஈவு 50, சான்றிதழில் 75 சதவீதம். சமூக வயது 7 என்று வந்தால் ஈவு 58, சான்றிதழில் 50 சதவீதம். சமூக வயது 9 என்றால் ஈவு 75, சான்றிதழில் 25. வாசற்படிக்கு வெளியே. தாள் மேல் ஓடுகிற பேனா நாலைந்து இடத்தில் 'முடியும்' என்றோ 'முடியாது' என்றோ சாய்ந்தால் ஒரு குடும்பத்தின் நிலைமையே மாறுகிறது. தமிழ்நாட்டில் 2023 ஜனவரியிலிருந்து பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். கூலிக்குப் போகிற வீட்டில் 2000 ரூபாய் என்றால் என்ன என்று இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

'ஊருக்குள் தாராளமாக'

அந்த உருப்படிகளில் ஒன்று: தன் ஊருக்குள் தாராளமாகப் போய்வருகிறதா? டால் இதை ஒன்பது பத்து வயதுக்குரிய திறன் என்று வைத்தார்.

தோழர்களே, இந்தக் கேள்வியை நம் சேரியில் நின்று வாசித்துப் பாருங்கள். 'தன் ஊர்' எது? 'தாராளமாக' என்றால் என்ன? ஊர்த்தெரு வழியாகப் போகாமல் வாய்க்கால் கரையைச் சுற்றிப் போகணும் என்று புத்திசாலிப் பிள்ளைகளுக்கே அடித்துச் சொல்லிக்கொடுத்து வளர்க்கிற இடத்தில், எந்தத் தெருவில் எப்படி நடக்கணும் என்கிற சூட்சுமம் புரியாத பிள்ளையை எந்தத் தாய் தனியாக அனுப்புவாள்? ஒரு அம்மா என்னிடம் சொன்னது: 'போவத் தெரியும் டீச்சர். நாந்தான் உடறதில்ல. அவன் பாட்டுக்கு யாரு ஊட்டு வாசல்லியாவது போயி குந்திக்கினா, அடிச்சிப் போட்டாங்கன்னா நான் யாராண்ட போயி கேக்கறது?' தாளில் இதற்கு என்ன மார்க்கு? போகிறதில்லை. ஆகவே கழித்தல்.

தானே தனியாகக் குளிக்கிறதா? குளியலறை என்று ஒன்று இருந்தால்தானே 'தனியாக' என்பதற்கு அர்த்தம். தெருக்குழாயில் ஆறு குடம் பிடிக்கிற வீட்டில் ஒரு குடத்தை வீணாக்கிக் கற்றுக்கொள்ள யார் விடுவார்கள்? அவசரத்தில் தாயே நாலு சொம்பு ஊற்றித் துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறாள். கக்கூசுக்குப் போய்த் தன்னைத்தானே கவனித்துக்கொள்கிறதா? கதவும் தண்ணீரும் இருக்கிற கக்கூசைக் கண்ட பிள்ளையையும், இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிற வீட்டுப் பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறது இந்தக் கேள்வி. கடையில் சாமான் வாங்குகிறதா? காசைக் கீழே வை என்கிற கடைக்காரனிடம், பொருளைத் தூக்கிப் போடுகிற கடைக்காரனிடம், ஒரு பிள்ளை கொடுக்கல் வாங்கலை எப்படிக் கற்றுக்கொள்ளும்?

வாய்ப்பே கொடுக்கப்படாத ஒன்றைத் 'திறன் இல்லை' என்று எழுதுவது பிள்ளையை அளப்பது ஆகாது. வீட்டையும் தெருவையும் சாதியையும் அளந்துவிட்டு, வந்த பற்றாக்குறையைப் பிள்ளையின் மண்டைக்குள் இருப்பதாகக் கணக்கெழுதுவது அது.

இதில் வேடிக்கை என்னவென்றால் டாலுக்கே இது தெரிந்திருந்தது. அவருடைய முறையில் கூட்டல், கழித்தல் தவிர 'வாய்ப்பு இல்லை' என்று தனிக் குறி உண்டு. பிள்ளைக்குச் செய்யும் சக்தி இருக்கிறது, சூழ்நிலைதான் தடுக்கிறது என்று தெரிந்தால் அந்தக் குறியைப் போடணும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள உருப்படிகளில் தேறியிருந்தால் முழு மார்க்கும் உண்டு. அரை நாளில் கூட்டம் கூட்டமாகப் பார்த்து அனுப்புகிற முகாம்களில் அந்தக் குறி போட்ட ஒரு தாளைக்கூட நான் கண்டதில்லை. அதைப் போட வேண்டுமென்றால் 'ஏன் போறதில்ல?' என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். பதிலைக் கேட்கக் காது வேண்டும்.

இன்னொரு பக்கம், நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது எதுவும் தாளில் இல்லை. பத்து ஆட்டை ஓட்டிப்போய்ப் பத்தையும் திருப்பிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு எண்ணத் தெரியாது என்று எழுதியிருக்கிறது. குழாயடியில் தன் குடத்தின் முறையை விடாமல் காக்கிறவள், தம்பியை இடுப்பில் வைத்து நாளெல்லாம் பார்த்துக்கொள்கிறவள், சுள்ளியில் எது காய்ந்தது எது பச்சை என்று ஒடித்துப் பார்த்தே சொல்கிறவள். இவளுக்குப் 'பொழுதுபோக்கு: இல்லை' என்று குறித்திருக்கும்.

அளவுகோலின் சரித்திரம்

அப்படியென்றால் இதைக் கொளுத்திவிடலாமா? வேண்டாம். இதன் கதையைத் தெரிந்துகொண்டு பேசுவோம்.

டாலுக்கு முன்னால் அதே வைன்லேண்ட் நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் ஹென்றி காடர்ட். அறிவுச் சோதனையை அமெரிக்காவில் பரப்பியவர். 'மோரான்' என்கிற வசவு வார்த்தையை 1910இல் விஞ்ஞான வார்த்தையாக உண்டாக்கியவர். அங்கே எம்மா உல்வர்ட்டன் என்றொரு பெண் இருந்தார். எட்டு வயதில், 1897இல், கொண்டுவந்து விடப்பட்டவர். தச்சு வேலை தெரியும். தையல் தெரியும். கார்னெட் வாசிப்பார். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். ஆனால் சோதனையில் மார்க்கு இல்லை. காடர்ட் அவருக்கு வேறு பெயர் கொடுத்து, அவர் வம்சமே கெட்ட ரத்தம் என்று 1912இல் காலிகாக் குடும்பம் என்ற புத்தகம் எழுதினார். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் அது ஜெர்மனில் மறுபடியும் அச்சானது. அந்தப் பெண் 1978இல் செத்துப்போகும்வரை, 81 வருசம், நிறுவனங்களின் சுவருக்குள்ளேயே இருந்தார். செய்யத் தெரிந்த கைகள் கண்ணெதிரே இருந்தன. ஒரு தாளில் விழுந்த எண் அவற்றை மறைத்துவிட்டது. பிறப்பை வைத்துப் புத்தியை அளக்கிற இந்த வித்தையை நமக்கு யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

காடர்டிடம் உதவியாளராக இருந்து, பிறகு அதே ஆராய்ச்சிப் பொறுப்புக்கு வந்தவர்தான் டால். புதிர் போட்டுப் பார்த்தது போதாது, மனுசர் எப்படி வாழ்கிறார் என்று பார்க்கணும் என்றார். அது ஒரு முன்னேற்றம்தான். 1959இல் அமெரிக்காவின் மனவளர்ச்சிக் குறைபாட்டுச் சங்கம், ஐ.க்யூ. குறைவு மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கைத் திறனிலும் தடை இருக்க வேண்டும் என்று தன் வரையறையையே மாற்றியது.

அங்கே கறுப்பின மக்களுக்கு இது கேடயமானது. கலிபோர்னியாவில் ரிவர்சைடு நகரத்தை ஆராய்ந்த ஜேன் மெர்சர் 1973இல் எழுதிய புத்தகத்தில் காட்டினார்: ஐ.க்யூ. சோதனையில் 'குறை' என்று முத்திரை விழுந்த கறுப்பின, மெக்சிக வம்சாவளியினரில் பெரும்பாலோர் அன்றாடத் திறன் மதிப்பீட்டில் தேறிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஆறு மணி நேரம் மட்டும் 'மந்தம்', வீட்டுக்கும் தெருவுக்கும் வந்தால் சாதாரணப் பிள்ளை. 'ஆறு மணி நேர மந்தர்' என்று அமெரிக்க அரசுக் குழுவின் அறிக்கையே 1970 வாக்கில் பெயர் வைத்தது. சான்பிரான்சிஸ்கோவின் கறுப்பினப் பெற்றோர் தொடுத்த லாரி பி. வழக்கில், கறுப்பினப் பிள்ளைகளை அந்தத் தனி வகுப்புகளுக்குத் தள்ள ஐ.க்யூ. சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979இல் தீர்ப்பு வந்தது.

ஆக, ஆயுதம் ஒன்றுதான். யார் கையில், யார் கேட்க, யார் பதில் சொல்ல என்பதில்தான் அது கேடயமா கத்தியா என்பது இருக்கிறது.

முடியாமைக்கு விலை

இங்கேதான் ஒரு சிக்கல். நான் மேலே சொன்னபடி ஆடு மேய்ப்பதையும் தம்பியைப் பார்த்துக்கொள்வதையும் தாளில் ஏற்றினால் என்ன ஆகும்? மார்க்கு ஏறும். சதவீதம் இறங்கும். பணம் போகும். பிள்ளையின் மரியாதையைக் காப்பாற்றப் போய் அதன் சோற்றில் கை வைத்தவர்களாவோம்.

தாய்மார்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். முகாமுக்கு வருமுன் பிள்ளையிடம் 'டாக்டர் கேட்டா ஒண்ணும் பேசாத, தெரிஞ்சுதா?' என்று சொல்லிக் கூட்டிவருகிறவர்கள் உண்டு. இதை ஏமாற்று என்று சொல்கிற படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோபம்தான் வருகிறது. முடியாமைக்கு மட்டும் காசு கொடுப்பேன் என்று விலை வைத்தது அரசாங்கம். சந்தையில் எது விலைபோகுமோ அதைத்தான் இல்லாதவர்கள் கொண்டுவந்து வைப்பார்கள். அதோடு, ஆயுசு முழுக்க மேசைக்கு இந்தப் பக்கம் நின்றே பழகினவர்கள் நாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறாரோ அதைச் சொல்லித்தான் உயிர் தப்பி வந்திருக்கிறோம். 'ஆமாங்கய்யா' என்பது தகவல் ஆகாது. அது ஒரு தற்காப்பு.

இதனால் உண்மையில் அடிபடுவது பிள்ளையின் படிப்பு. கழித்தல் போட்ட தாள்தான் பள்ளிக்கும் வருகிறது. அதை நம்பி, ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி கற்பித்துக்கொண்டிருப்போம். சில வீடுகளில் ஒன்று கற்றுக்கொண்டால் அட்டை போய்விடுமோ என்று பயந்து சொல்லிக்கொடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

ஆகவே என் வாதம் இது. பணத்துக்கான மதிப்பீடும் கற்பிப்பதற்கான மதிப்பீடும் ஒரே தாளில் இருக்கக் கூடாது. பணத்துக்கான தாள் 'என்ன முடியாது' என்று கேட்பதை நிறுத்தணும். 'எவ்வளவு துணை வேண்டும், யார் கொடுக்கிறார், அதற்கு என்ன செலவு' என்று கேட்கணும். அதே அமெரிக்கச் சங்கம் 1992இல் இந்தப் பக்கம் திரும்பியது. ஆளைக் குறைபாட்டின் அளவால் வகை பிரிப்பதை விட்டு, எப்போதாவது, ஓரளவு, நிறைய, எந்நேரமும் என்று தேவைப்படும் துணையின் அளவைச் சொன்னது. ஆடு மேய்க்கத் தெரிந்த பிள்ளைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் துணை வேண்டும், யாரும் ஏமாற்றாமல் கூலி வாங்கித்தர ஆள் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இதைச் சொல்ல அந்தப் பிள்ளை எதையும் மறைக்க வேண்டியதில்லை.

கற்பிப்பதற்கான தாள்கள் நம்மிடமே இருக்கின்றன. சென்னையில் விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தின் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறையில் 18 பிரிவு, பிரிவுக்கு 20 என 360 உருப்படிகள். சுலபத்திலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் போகும். செகந்திராபாத் தேசிய நிறுவனத்தில் ரீட்டா பெஷாவரியாவும் வெங்கடேசனும் 1992இல் செய்த பேசிக் எம்.ஆர். அளவுகோலில் அன்றாடத் திறன்களுக்கு 280 உருப்படிகள். அதில் முடியும், முடியாது என்ற இரண்டே பதில் கிடையாது. தானே செய்கிறது, சைகை காட்டினால் செய்கிறது, வாயால் சொன்னால் செய்கிறது, கை பிடித்தால் செய்கிறது, முழுக்க நாமே செய்ய வேண்டியிருக்கிறது என்று படிகள் உண்டு. கை பிடித்த இடத்திலிருந்து வாயால் சொல்கிற இடத்துக்கு ஒரு பிள்ளை வந்தால் அது வெற்றி. இரண்டே பதில் உள்ள தாளில் அந்த வெற்றி தெரியவே தெரியாது.

இதிலும் நாம் கண் வைக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தொழில் திறன் என்ற பகுதி வரும்போது நம் தெருப் பிள்ளைகள் கையில் மட்டும் விளக்குமாறு ஏன் வருகிறது? கூட்டுவதும் கழுவுவதும் எல்லாப் பிள்ளைகளும் கற்க வேண்டிய வீட்டு வேலை. அதையே ஒரு பிள்ளைக்கு மட்டும் 'இவனுக்கு ஏத்த தொழில்' என்று எழுதினால் அது மதிப்பீடு இல்லை, மனுதர்மம்.

கழித்தல் குறி எதுவரை போகும்

1994 பிப்ரவரி. மகாராஷ்டிரத்தில் சிரூர் என்ற ஊரிலிருந்த அரசு இல்லத்தின் மனவளர்ச்சி குன்றிய பெண்கள் பலருக்குப் பூனா அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சொன்ன காரணம், மாதவிலக்கின்போது அவர்களால் சுத்தமாக இருந்துகொள்ளத் தெரியவில்லை என்பது. பெண்கள் அமைப்புகள் எதிர்த்துக் கிளம்பிய பிறகே மீதிப் பேரின் அறுவை நின்றது. ஒரு அன்றாடத் திறனுக்கு நேரே போட்ட கழித்தல் குறி, கத்தியாகி வயிற்றுக்குள் போன கதை இது.

அந்தத் திறனை நான் கற்பிக்கிறேன். துணியையோ பேடையோ எடுப்பது, மறைவான இடத்துக்குப் போவது, பழையதைக் கழற்றிக் காகிதத்தில் சுருட்டுவது, புதியதைப் பொருத்துவது, உள்ளாடையை ஏற்றுவது, பழையதை அதற்குரிய இடத்தில் போடுவது, கை கழுவுவது. இப்படிச் சின்னச் சின்னப் படியாகப் பிரித்துக்கொள்வோம். பல பிள்ளைகளுக்குக் கடைசிப் படியிலிருந்து தொடங்குவோம். எல்லாம் நாம் செய்து, கை கழுவுவதை மட்டும் அவள் செய்வாள். அது வந்ததும் அதற்கு முந்தின படி. மாசத்தில் சில நாள்தான் பழக முடியும் என்பதால் மற்ற நாளில் பொம்மையிலும் சிவப்பு மை தொட்ட பேடிலும் பழகுவோம். மாசக்கணக்காகும், சிலருக்கு வருசங்கள் ஆகும். சிலருக்குக் கடைசிவரை ஒரு கை துணை வேண்டியிருக்கும். அந்தத் துணையைக் கொடுப்பதா, உறுப்பை எடுப்பதா என்பது மருத்துவக் கேள்வி இல்லை. மறைவான ஓர் இடமும் தண்ணீரும் பேடும் பொறுமையுள்ள ஒரு பெண்ணும் இவளுக்குக் கிடைக்க வேண்டுமா என்கிற அரசியல் கேள்வி.

நாம் செய்ய வேண்டியது

மாணவத் தோழர்களுக்கு, இயக்கத் தோழர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறேன். பெரிய மாநாடு வேண்டாம்.

முகாம் நாளில் குடும்பத்தோடு போங்கள். தாயோடு பாட்டியையும் அழைத்துப் போங்கள். பல வீடுகளில் பாட்டிக்குத்தான் பிள்ளையைத் தெரியும். முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து விடியல் முதல் படுக்கைவரை பிள்ளை என்ன செய்கிறது, எங்கே கை பிடிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மேசையில் 'இல்லை' என்று பேனா இறங்கும்போது கேளுங்கள்: முடியாததாலா, வாய்ப்பு இல்லாததாலா? வாய்ப்பு இல்லை என்றால் அப்படியே எழுதச் சொல்லுங்கள். என்ன மார்க்கு, எந்த அளவுகோல் என்று கேட்டு நகல் வாங்குங்கள். சதவீதம் தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய 2016ஆம் வருசச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. விடாதீர்கள்.

நகல்களைச் சேர்த்து வையுங்கள். எந்தத் தெருவில் எந்த உருப்படிக்கு நேரே திரும்பத் திரும்பக் கழித்தல் விழுகிறது என்று பாருங்கள். ஒரு சேரியில் பத்துப் பிள்ளைக்கும் 'தனியாகக் குளிப்பதில்லை' என்று இருந்தால் அங்கே குறைபாடு தண்ணீருக்குத்தான். அந்தத் தாள்களைக் கட்டாகக் கட்டி ஊராட்சி அலுவலகத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் எடுத்துப் போங்கள். பிள்ளைகளை அளக்க அவர்கள் கொண்டுவந்த கோலை வைத்தே அவர்களை அளந்து காட்டலாம்.

இந்தப் பிள்ளைகளால் கூட்டத்துக்கு வந்து கோஷம் போட முடியாமல் போகலாம். மனு எழுத முடியாது. அதனாலேயே எல்லா இயக்கங்களும் இவர்களைக் கடைசிக்குத் தள்ளிவைத்தன. நம் இயக்கமும் அந்த வரிசையில் நிற்கப் போகிறதா? அடுத்த முகாம் எப்போது என்று உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் தேதி சொல்வார்கள். கேட்டுவிட்டு, அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.